கெட்டிமேளம் வாசித்த கம்ப்யூட்டர்

ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டிமேளம் வாசித்தது என்று ஒரு பேச்சு வெகுகாலமாக உலவிக்கொண்டிருக்கிறது. வாசித்தது மட்டுமல்ல, அதைக் கேட்டு, பரிசோதிக்க வந்திருந்த பெரிய மனிதர்கள் எழுந்து நின்று அட்சதை போட்டார்கள் என்பது சேவூர்க்காரர்கள் சொல்வது. பெரணமல்லூர் பஸ்ஸில் கேட்டால், கம்ப்யூட்டருக்குத் தாலியே கட்டினார்கள் என்பார்கள். பஸ் போகிற தூரத்துக்குக் கதையும் போகும் போலிருக்கிறது. திருமலை வரைக்கும் போய் விசாரிக்கத் தைரியம் வரவில்லை. அதற்குள் குழந்தையும் பிறந்திருக்கும்.

இதில் எத்தனை பங்கு நிஜம் என்று துருவிக்கொண்டு போனால், எல்லா வழியும் சேவூரில் ஒரே வீட்டு வாசலில் போய் நின்றது. கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற அபிதகுசாம்பாளின் வீடு. முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டவர் அவரைப் பெற்ற தகப்பனார் மட்டும்தான். தெருவுக்கு அவர் அபிதாக்கா, கல்லூரிக்கு அபிதா மேடம்.

"கம்ப்யூட்டரு மேளம் வாசிச்சுதா? எவன் சொன்னான் அந்தப் பொய்ய?" என்று முதலில் சீறினார். காபி வந்தது. அரை டம்ளர் தாண்டியதும், "ரெண்டே ரெண்டு இழுப்பு நாதஸ்வரம். மேளம்கூட சரியா ஆரம்பிக்கல" என்றார். பொய் இவ்வளவு சீக்கிரம் இளைத்து எங்கும் பார்த்ததில்லை.

அபிதா புகுமுக வகுப்பு முடித்தது எழுபத்து நான்கில். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் தறிதான் இருந்தது, வசதி இல்லை. பஜாரில் மாடிமேல் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தார். கீழே பட்டுக்கடை, மேலே படபடவென்று பன்னிரண்டு மெஷின். எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன வயசு. அந்த மெஷின்களில் '1' என்ற எண்ணுக்குத் தனியாகக் கட்டையே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தை அடித்து, அதையே ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வலது கை மோதிர விரலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் உதைக்கும்.

எழுபத்தேழில் ஒரு பட்டு வியாபாரி தன் தகப்பனார் நினைவாக ஊருக்கு வெளியே கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அபிதா அங்கே தற்காலிக டைப்பிஸ்ட். தற்காலிகம் என்றால் எண்பத்தொன்பது நாள். தொண்ணூறாம் நாள் வந்துவிட்டால் நிரந்தரம் கேட்பார்கள் என்று எந்த வக்கீலோ காதில் ஓதியிருந்தார். ஆகவே எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பணிநீக்க உத்தரவு. ஒருநாள் விட்டு மறுநாள் பணி நியமன உத்தரவு. இரண்டையும் டைப் அடிப்பவர் அபிதாதான். ஒன்பது வருஷத்தில் தன்னைத் தானே முப்பத்தாறு முறை வேலையைவிட்டு நீக்கிக்கொண்ட ஆள் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அதிலும் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

கணவர் தருமன் பட்டுத்தறி நெய்பவர். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது இந்த எண்பத்தொன்பது நாள் உத்தியோகத்தால்தான்.

எண்பத்தாறில் கல்லூரிச் செயலாளர் மதராஸ் போய்த் திரும்பினார். திரும்பியவர் சும்மா திரும்பவில்லை, எதிர்காலத்தோடு திரும்பினார். 'ஒன்றுமே தெரியாதவர்களுக்கான புரோகிராமிங், ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு' என்று நோட்டீஸ் தயாரானது. அடித்தது அபிதா. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார் பியூன் துரைக்கண்ணு.

"இன்னா மேடம், உங்க சீட்டக் கிழிக்கிற நோட்டீச நீங்களே அடிச்சிகினு கீறீங்க?"

"இன்னா உளர்ற?"

"அந்த மிஷினு வந்துச்சுன்னா தானே டைப் அடிக்குமாம். செயலாளரு போன்ல சொல்லிகினு இருந்தாரு. தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்காதாம்."

அபிதா நேராக முதல்வரிடம் போய்க் கேட்டார். முதல்வர் ஜன்னலைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், "பார்ப்போம்மா" என்றார். ஆரணி ஆபீசுகளில் 'பார்ப்போம்' என்றால் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

படிப்பு நடக்க இருபது பேர் வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பத்தொன்பது பேர்தான் சேர்ந்தார்கள். கடைசி நாள் சாயங்காலம் இருபதாவது விண்ணப்பத்தை அபிதா தானே பூர்த்தி செய்து, தானே முத்திரை குத்தி, தானே கோப்பில் வைத்தார். தருமனிடம் அன்றைக்கு அவர் சொன்ன காரணம் சுருக்கமானது: "என்னைத் தின்னப்போற பேய பக்கத்துல உக்காந்தே பாத்துடறேன்."

படிப்பு தொடங்கியது. கம்ப்யூட்டர்தான் வரவில்லை. பணம் கட்டியாயிற்று, லாரியில் ஏற்றியாயிற்று, வாலாஜாவைத் தாண்டிவிட்டது என்று மூன்று மாதம் வந்துகொண்டே இருந்தது. பாடம் நடத்தியவர் கணக்கு விரிவுரையாளர் வீரபாகு. மதராஸில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தவர். அதில் ஒரு வாரம் மஞ்சள் காமாலை. அவர் மனம் தளரவில்லை. வகுப்பையே கம்ப்யூட்டராக்கிவிட்டார்.

நான்கு பேர் சிலேட்டோடு நிற்பார்கள், அவர்கள் ஞாபகப் பெட்டிகள். எண் வந்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கட்டளைகள்: பத்தாம் வரி, இருபதாம் வரி என்று ஆளுக்கொரு நம்பர். 'பிரிண்ட்' என்று கட்டளை வந்தால் அபிதா ஆபீசிலிருந்து தூக்கிவந்த டைப்ரைட்டரில் விடையை அடிப்பார். கடைசி வரியிலிருந்து மறுபடி முதல் வரிக்குப் போகச் சொல்லும் 'கோ டூ' கட்டளையாக நடக்க யாரும் முன்வரவில்லை. வராந்தாவில் மணியடிக்க நின்றிருந்த துரைக்கண்ணுவைப் பிடித்துப் போட்டார்கள். கட்டளை எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு அவர் பத்தாம் வரிக்கு நடக்க வேண்டும்.

ஏழாவது சுற்றில் துரைக்கண்ணு உட்கார்ந்துவிட்டார். "சார், திரும்பித் திரும்பிப் பத்துக்கே போவ சொல்றீங்களே, ஒரே பேஜாரா கீது. இது எப்ப சார் முடியும்?"

"நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதாத வரைக்கும் முடியாது, துரைக்கண்ணு."

"அப்போ ஜல்தி எழுதுங்க சார். மணியடிக்கணும்."

வீரபாகு அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினார். முடிவில்லாத சுழற்சி என்றால் என்ன என்பது அந்த இருபது பேருக்கும் வாழ்நாளுக்கும் மறக்காது. அதற்கப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர் ஆரணிக்கு வந்துவிட்டன. அந்த மூன்று மாதக் கம்ப்யூட்டர் மாதிரி டீ குடித்து, கொட்டாவி விட்டு, விடை தப்பானால் வாய்விட்டுச் சிரித்த கம்ப்யூட்டர் மறுபடி வரவில்லை. இதைச் சொல்லும்போது அபிதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நிஜக் கம்ப்யூட்டர் ஒருநாள் பஸ் மேல்கூரையில் வந்து இறங்கியது. பார்ப்பதற்குக் குட்டையான டைப்ரைட்டர். கறுப்பு வெள்ளை டிவி ஒன்றில் இணைத்தால் எழுத்து தெரியும். கரண்ட் போனால் கற்றதெல்லாம் போச்சு. புரோகிராமைப் பாட்டுக் கேட்கிற கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு, டேப் ரிக்கார்டர் வழியாக மறுபடி ஊட்ட வேண்டும். குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, திரையைப் போட்டார்கள்.

அபிதா முதல் புரோகிராமை எல்லாரையும்விட வேகமாக அடித்தார். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தப்பு என்றது. மூன்று நாள் தப்பு என்றது. வீரபாகு திரையைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்குது மேடம். உங்ககூட அதுக்கு ஏதோ மனஸ்தாபம்" என்றார். நான்காம் நாள் அபிதா திரையை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். ஒன்று வரும் இடத்திலெல்லாம் மோதிர விரல் தானாகப் போய் 'எல்'லைத் தட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். மறுநாள் அந்த விரலில் தறியிலிருந்து எடுத்த சிவப்புப் பட்டிழையைக் கட்டிக்கொண்டு வந்தார். தட்டப் போகும்போதெல்லாம் இழை கண்ணில் படும்.

விரல் திருந்தியதும் அவர் ஒரு காரியம் செய்தார். ஜூன் மாதம் வந்தால் நெசவாளர் பிள்ளைகளின் உதவித்தொகைக்காக, 'இன்னாருடைய மகன் இன்னார் எங்கள் கல்லூரியில் இந்த வகுப்பில் படிக்கிறார்' என்று ஆங்கிலத்தில் நூறு கடிதம் அடிக்க வேண்டும். பேர் மட்டும்தான் மாறும். பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடிதம் முழுவதையும் திரையில் எழுதிக் காட்டுகிற மாதிரி நாற்பத்து மூன்று வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். ஓடியது. வீரபாகு குதித்தார். "பல்கலைக்கழகக் குழு வரும்போது இதத்தான் காட்டப்போறோம்!"

அபிதா குதிக்கவில்லை. தன் வேலையை எடுத்துக்கொள்ளப் போகிற மிஷினுக்கு, எப்படி எடுப்பது என்று தானே சொல்லிக் கொடுத்திருப்பது அப்போதுதான் உறைத்தது. குழு சரி என்றால் படிப்பு நிலைக்கும், மிஷின் நிலைக்கும். முப்பத்தேழாம் முறை நீக்கப்பட்டால் மறுநாள் உத்தரவு வருமா என்பது தெரியாது.

குழு வருவதற்கு முந்தின நாள் அமாவாசை. தறிகள் ஓடாத நாள், ஊரே அமைதியாக இருந்தது. கல்லூரி டேப் ரிக்கார்டர் மட்டும் புரோகிராம் இருந்த கேசட்டைக் குதறித் துப்பியது. கம்ப்யூட்டருக்குள் இன்னும் புரோகிராம் இருந்தது, கரண்ட் இருக்கும்வரை. வீரபாகு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அபிதா ஒரு நிமிஷம் சுவிட்சைப் பார்த்தபடி நின்றதாக ஒத்துக்கொள்கிறார்.

"போனா போவட்டும்னு தோணிச்சு. பொய் சொல்லக்கூடாது. ஆனா நாப்பத்து மூணு வரி... விரல்ல இழை கட்டிகினு எழுதினது. மனசு வரல."

பாதிக் கதவு திறந்திருந்த ஒரே கடைக்கு ஓடினார். ரேடியோ மெக்கானிக் ஜெயவேல், தெரு முனைக் கடை. புது கேசட் அவரிடமும் இல்லை. மேசை டிராயரைக் குடைந்து ஒன்றை எடுத்துத் தந்தார். "ஒரு பக்கம் காலிக்கா. இன்னொரு பக்கம் எங்க கல்யாணம். பத்திரம்." அதற்குள் ரேடியோவும் கையுமாக யாரோ குறுக்கே வர, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

கேசட்டின் ஒரு முகத்தில் மஞ்சள் பொட்டு இருந்தது. ஜெயவேலின் மனைவி கற்பகம் கல்யாணப் பக்கத்துக்கு வைத்த பொட்டு. நம் ஊரில் புதுத்தறி, புதுப்பானை, புதுக்கணக்கு எதுவானாலும் மஞ்சள் வைத்த பக்கத்தில்தான் தொடங்குவார்கள். அபிதா வேறு பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பதிகள் கடைசியாகக் கேட்டு நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து பதிந்தார்.

மறுநாள் குழு வந்தது. தலைவர், வழுக்கையும் ரோஜாப்பூவுமாக ஒரு பேராசிரியர். பூ வரவேற்பில் கொடுத்தது, அவர் இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூட ஒருவர், கடைசிவரை பேசவே இல்லை. செயலாளர் முகத்தில் எதிர்காலம் பளபளத்தது. கடிதப் புரோகிராமைக் காட்டத் தொடங்கும்போது கரண்ட் போனது. ஐந்து நிமிஷத்தில் வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பச்சைக் குழந்தையாக நின்றது.

"கேசட் இருக்குதுங்க" என்றார் அபிதா. வீரபாகு அவசரத்தில் நாடாவை எவ்வளவு பின்னால் ஓட்டலாமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓட்டி, பித்தானை அமுக்கினார். கை பட்டு, டேப் ரிக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் இணைத்த ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஆகவே கம்ப்யூட்டர் காதுக்கு மட்டும் போக வேண்டியது அறை முழுவதும் கேட்டது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கத்தியது. நாதஸ்வரம் இரண்டு இழுப்பு இழுத்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் தமிழன் கை சும்மா இருக்காது. யோசிக்கிற வேலையே இல்லை. பேராசிரியர் கையிலிருந்த ரோஜா இதழ்கள் கம்ப்யூட்டர் தலையில் விழுந்தன. மாணவர்கள் சுண்ணாம்புக்கட்டித் துண்டை வீசினார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த துரைக்கண்ணு மிக்சரையே அள்ளிப் போட்டார். செயலாளர் கைகூப்பிக்கொண்டு நின்றார். இதற்குள் நாதஸ்வரம் அறுந்து, 'கீ...' என்று புரோகிராமின் கூவல் தொடங்கிவிட்டது. அபிதா பாய்ந்து ஒயரைச் செருகினார்.

பேராசிரியர் தன் காலிக் கையைப் பார்த்துக்கொண்டார். திரையில் கடிதம் வந்தது.

"யாரு எழுதினது?" என்றார்.

"நான்தாங்க. டைப்பிஸ்ட்டு."

"நல்லா இருக்கே. இதைக் காகிதத்துல எடுக்கறது எப்படி?"

"அதுக்கு வேற மிஷினு வேணுமாங்க. வாங்கல."

"அப்போ?"

"இதைப் பாத்து நான் டைப் அடிச்சிடுவேங்க."

பேராசிரியர் சிரிக்கத் தொடங்கியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும்வரை நிறுத்தவில்லை.

குழுவின் அறிக்கையை அன்றைக்கே அடித்துத் தர வேண்டும். யார் அடிப்பது? அபிதாவேதான். பேராசிரியர் சொல்லச் சொல்ல அடித்தார். படிப்புக்கு அனுமதி தரலாம், நிபந்தனைகள் பின்வருமாறு. எட்டாவது நிபந்தனை: 'இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் நிரந்தரப் பணியில் இருத்தல் வேண்டும்.' ஊரில் அப்படித் தெரிந்த, மதராசுக்கு ஓடிப்போகாத ஆள் ஒருவர்தான். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. தொண்ணூறாம் நாள் எப்படி இருக்கும் என்று அபிதா முதல்முறையாகப் பார்த்தார்.

பேராசிரியர் சொன்னது ஏழு நிபந்தனைதான் என்று துரைக்கண்ணு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இதையும் விசாரிக்க வேண்டியதாயிற்று.

"அவரு சொன்னாரு, நான் அடிச்சேன். சொல்லாததையா அடிப்பாங்க? இன்னொரு காபி குடிக்கிறீங்களா?" என்றார் அபிதா.

அவர் பீரோவில் அந்த அறிக்கையின் கார்பன் நகல் இருக்கிறது. எட்டாவது நிபந்தனை மட்டும் ஒரு இழை சாய்ந்திருக்கிறது. காகிதத்தைக் கழற்றி மறுபடி மாட்டினால் அப்படிச் சாயும். காற்றடித்தாலும் சாயலாம்.

ஆனால் கேசட் விஷயத்தில் காற்றின் மேல் பழி போட வழியில்லை. மறுநாளே அதைத் திருப்பிக்கொண்டுபோய், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். ஜெயவேல் கடையிலேயே போட்டுக் கேட்டார்கள். 'கெட்டிமேளம்' என்று கத்துவது ஜெயவேலின் தாய்மாமன். இரண்டு இழுப்பு. அப்புறம் நான்கு நிமிஷம் 'கீ...' கூவல். அப்புறம் நேராக, "சாம்பார் இந்தப் பக்கம் வரலயே" என்று பந்திச் சத்தம். நடுவில் இருந்த தாலி கட்டு மொத்தமும் போய்விட்டது.

"மெக்கானிக்கு நான். கேசட்டு முதுகுல கீற அந்த சின்ன பிளாஸ்டிக் காத ஒடைச்சி வுட்டிருந்தா யாரும் மேல பதிய முடியாது. ஊருக்கெல்லாம் ஒடைச்சித் தந்தேன், என்னுத ஒடைக்கல" என்று ஜெயவேல் தன்னையே திட்டிக்கொண்டார். கற்பகம் அழவில்லை. "அப்போ இந்த கேசட்டுப்படி எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆவலியாக்கா? நேரா சாப்பாட்டுக்குப் பூட்டோமா?" என்றார். அவர் அழுதிருந்தாலே தேவலை என்றிருந்தது அபிதாவுக்கு.

"நான் ஒரு கெட்டிமேளம் பதிஞ்சித் தரேன்" என்றார். சொன்னபடி பதிந்தும் தந்தார், போளூர்க் கல்யாணம் ஒன்றில், பிரமாதமான மேளச் செட்டு. கற்பகம் பாதியில் நிறுத்தினார். "நல்லாத்தான் கீது. ஆனா இது வேற ஊட்டுக் கல்யாணம்."

அதிலிருந்து பஜாரில் எங்கே பார்த்தாலும் கற்பகத்தின் விசாரணை ஒன்றுதான்: "இன்னாக்கா, எங்களுக்குத் தாலி எப்போ?" ரேடியோக் கடை டிவிக் கடையாகி, டிவிக் கடை செல்போன் கடையானது. கேள்வி மாறவில்லை.

ஜெயவேலுக்கு அறுபது முடிந்தபோது அறுபதாம் கல்யாணம் வைத்தார்கள். அதே ஆள், அதே பெண், அதே தாலிக்கு இன்னொரு முறை முடிச்சு. கடனை அடைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? அபிதா முதல் வரிசையில் உட்கார்ந்தார். கையில் புதுச் செல்போன். ஜெயவேலே பதியச் சொல்லிக் கொடுத்திருந்தார். விரலைப் பித்தானுக்கு மேல் வைத்துத் தயாராக இருந்தார். தட்டு சுற்றி வந்தது, அட்சதை கொஞ்சம் இடது கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று யாரோ கத்தினார்கள்.

அபிதா செல்போனை மடியில் போட்டுவிட்டு, அட்சதையை வலது கைக்கு மாற்றி, எழுந்து நின்று, குறிபார்த்துப் போட்டார். ஜெயவேல் தலையிலும் கற்பகம் தலையிலும் சரியாக விழுந்தது. உட்கார்ந்த பிறகுதான் மடியில் போன் இருப்பது தெரிந்தது. அமுக்கினார். மேளம் ஓய்ந்துவிட்டிருந்தது. பதிந்தது பந்திக்குக் கூப்பிடும் சத்தம்.

மேடையிலிருந்து கற்பகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பந்தியில் அபிதாவின் இலையருகே வந்து குனிந்து, "இந்த வாட்டியும் நேரா சாம்பாருதானாக்கா?" என்றார்.

இன்னும் ஒரு கெட்டிமேளம் பாக்கி.